வரவுக்குள் ஓர் ஆட்டம்: கால்பந்துக் கழகங்களும் செலவு விதிகளும்

புதியம்புத்தூரில் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தையல் எந்திரங்களின் ஓசை இரவையும் எடுத்துக்கொண்டுவிடும். கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் இவ்வூரையும் சுற்றுப்பட்டிகளையும் தாங்கி நின்றது ஆயத்த ஆடைத் தொழில்தான். பீஸ் கணக்கில் தைத்துக் கொடுக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அத்தொழிலில் எங்கும் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. துணி வியாபாரி கடனுக்குத் துணி தருவார். ஆனால் முந்தின பாக்கி தீராமல் அடுத்த பேல் வண்டியிலிருந்து இறங்காது. எவ்வளவு பெரிய ஆர்டர் கையிலிருந்தாலும் இதில் விலக்கில்லை. ஆசை மிகுந்து அளவுக்கு மேல் தைத்துக் குவித்தவர் பொங்கலுக்குள் எந்திரத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போன கதைகளும் இங்கே உண்டு.

அந்தி நேரத்தில் ஊருக்கு வெளியே கருவேலம் புதர்களை வெட்டித் திருத்திய கரிசல் திடலில் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். முதுகில் வெளிநாட்டு வீரர்களின் பெயர்கள். நெஞ்சில் மான்செஸ்டர் சிட்டி, பார்சிலோனா, செல்சி. சிலவற்றை இங்குள்ள கைகளே தைத்திருக்கவும் கூடும். அந்தச் சட்டைகளுக்குப் பின்னாலுள்ள கழகங்களுக்கும் ஒரு பேரேடு உண்டா, அவற்றுக்கும் ‘பாக்கி தீராமல் பேல் இறங்காது’ என்று சொல்ல யாரேனும் இருக்கிறார்களா என்ற கேள்வி நமக்குச் சில ஆண்டுகளாகவே இருந்துவருகிறது. அதற்குக் காரணம் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர். வெளிமாநிலத்துக் கழகம் ஒன்றில் ஒப்பந்தம் பெற்றுப் போனவர், பருவம் முடியுமுன் ஊர் திரும்பினார். கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னது இதுதான்: “ஒப்பந்தக் காகிதம் பத்திரமா இருக்கு சார். மூணாவது மாசத்திலேர்ந்து சம்பளம்தான் வரலை.”

கால்பந்துக் கழகங்களின் செலவுக்கு வரம்பு கட்டும் முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறது. படிக்கப் படிக்க, அது வெறும் கணக்கர்களின் வரலாறு அன்று என்பது நமக்குத் தெளிவாயிற்று.

*

முதலில், இந்தத் தொழிலின் விசித்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தையல் கம்பெனிக்கு அடுத்த தெருக் கம்பெனி மூடப்பட்டால் இலாபம். கால்பந்துக் கழகத்துக்கோ எதிரணி இல்லாமல் ஆட்டமே இல்லை. போட்டியாளரின் உயிர்தான் தன் பிழைப்புக்கும் ஆதாரம். அதே வேளையில் பட்டம் ஒன்றே. இருபது கழகங்கள் ஆளுக்கு இரண்டு மடங்கு செலவழித்தாலும் முதலிடத்துக்கு வரப்போவது ஒரு கழகம்தான். மூன்று கழகங்கள் கீழிறங்கியே தீரும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவரை முந்த நாளைய வருவாயை இன்றே அடகு வைக்கத் தூண்டப்படுகின்றனர். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவரின் முடிவும் நியாயமாகத் தோன்றும். மொத்தமாகப் பார்த்தால் அழிவுப் பாதை.

இதைத் தடுக்க வகுக்கப்படும் விதிகளுக்கு இரண்டு நோக்கங்கள் சொல்லப்படுவதுண்டு. ஒன்று, கழகம் கடனில் மூழ்காமல் காப்பது. மற்றொன்று, செல்வமுள்ள கழகமே எப்போதும் வெல்லாதபடி சமநிலை பேணுவது. இவ்விரண்டும் ஒன்றல்ல, பல வேளைகளில் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒவ்வொரு கழகமும் தன் வருவாய்க்குள் வாழ வேண்டும் என்று விதித்தால் கழகங்கள் பிழைக்கும். ஆனால் வருவாய் மிகுந்தவர் மேலேயே நிலைத்துவிடுவர். இம்முரணை மறந்துவிட்டு எழுதப்பட்ட விதிகளே பின்னர் பெருஞ்சிக்கலுக்கு உள்ளாயின.

*

செலவுக் கட்டுப்பாடு புதிய சிந்தனை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தொழில்முறைக் கால்பந்தின் வயதே அதன் வயதும். இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பதே குற்றமாக இருந்த காலம் உண்டு. 1884இல் லங்காஷயர் ஆலை நகரமான பிரெஸ்டனின் அணி, ஆட்டக்காரருக்கு ஊதியம் கொடுத்த காரணத்தால் எஃப்.ஏ. கோப்பையிலிருந்து விலக்கப்பட்டது. வடநாட்டு ஆலைத் தொழிலாளி சனிக்கிழமைக் கூலியை இழந்துவிட்டு ஆட முடியாது. தெற்கின் கனவான்களுக்கோ கூலி ஒரு பொருட்டன்று. வாதம் முற்றி, கழகங்கள் பிரிந்துபோகும் நிலை வந்தபின் 1885இல் ஊதியம் சட்டபூர்வமாயிற்று.

பதினாறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஊதியத்துக்கு வேலி வந்துவிட்டது. 1901 முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. சிறிய கழகங்களைக் காக்கவும் சமநிலை பேணவுமே இவ்விதி என்று காரணம் சொல்லப்பட்டது. விளைவு என்ன? பணம் மேசைக்குக் கீழே போயிற்று. 1906இல் நடந்த விசாரணையில், ஒரு கழகம் தன் வீரர்களுக்கு வரம்பை மீறி இரகசியமாகப் பணம் கொடுத்துவந்தது தெரியவந்தது. பதினேழு வீரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு, அக்கழகத்துக்காக இனி ஆடவே கூடாதென்று விலக்கப்பட்டனர், இயக்குநர்கள் பதவியிழந்தனர், மேலாளர் விளையாட்டிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அக்கழகத்தின் பெயர் மான்செஸ்டர் சிட்டி. நூறாண்டு கழித்து இதே பெயர் இதே வகை வழக்கில் மீண்டும் வரப்போகிறது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவ்வாறு விலக்கப்பட்டவர்களுள் பில்லி மெரிடித் என்னும் வேல்ஸ் நாட்டு வீரரும் ஒருவர். சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். தண்டனைக்குப் பின் அவர் அதே நகரின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சென்றார். 1907இல் தோழர்களுடன் சேர்ந்து ஆட்டக்காரர் சங்கத்தை உருவாக்கினார். விதியை மீறிக் கொடுத்தவர்கள் முதலாளிகள். பிழைப்பை இழந்தவர்கள் தொழிலாளிகள் என்பதை அவர் தம் அனுபவத்தில் கண்டிருந்தார். 1957இல் சண்டர்லண்ட் கழகம் இதே போல் மறைமுகமாகப் பணம் கொடுத்ததற்காக 5,000 பவுன் அபராதம் கட்டியது. இறுதியில், 1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலான சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்தபின்தான் உச்சவரம்பு ஒழிந்தது. அப்போது அது வாரத்துக்கு 20 பவுன். வரம்பு நீங்கியதும் ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுன் பெறும் வீரரானார்.

அறுபது ஆண்டுகள் நீடித்த இவ்விதி கழகங்களின் கட்டடச் செலவையோ மற்றச் செலவுகளையோ கட்டுப்படுத்தவில்லை. திடல் நிறைய மக்கள் கூடிய ஆண்டுகளிலும் கட்டுப்பட்டது ஆட்டக்காரரின் கூலி மட்டுமே. ‘சிக்கனம்’ என்ற சொல் யாருடைய வயிற்றின்மீது கட்டப்படுகிறது என்று பார்க்கும் பழக்கத்தை இந்த வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

*

1992இல் பிரீமியர் லீக் தோன்றியது. தொலைக்காட்சிப் பணம் பெருக்கெடுத்தது. 1995இல் போஸ்மன் வழக்கின் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடுதலையாக வேறு கழகம் செல்ல வழி திறந்தது. ஊதியம் வானேறியது. கூடவே சரிவுகளும் வந்தன. 2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்ற லீட்ஸ் யுனைடெட், மேலும் மேலும் வெல்வோம் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கிச் செலவழித்தது. 2004இல் முதற்பிரிவிலிருந்து இறங்கி, 2007இல் மூன்றாம் படிக்கு வீழ்ந்தது. 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மத், 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. ஒன்பது புள்ளிகள் பறிக்கப்பட்டன.

போர்ட்ஸ்மத்தின் கடன் பட்டியலில் நம்மைத் துணுக்குறச் செய்வது ஒன்று உண்டு. ஆட்ட நாள்களில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புக்கும் அக்கழகம் பாக்கி வைத்திருந்தது. இங்கிலாந்தில் இருந்துவந்த ஏற்பாட்டின்படி, கழகம் நொடித்தால் வீரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் உள்ள கடன்களே முதலில் முழுமையாகத் தீர்க்கப்படும். தொண்டு அமைப்பும் உள்ளூர்ச் சிறு வியாபாரியும் வரித்துறையும் பின்வரிசையில் நின்று, கிடைத்த விழுக்காட்டைப் பெற வேண்டியதுதான். விளையாட்டின் குடும்பத்துக்குள் இருப்பவரைக் காத்து, வெளியே இருப்பவரைக் கைவிடும் ஏற்பாடு இது. அக்காலத்தில் வரித்துறை இதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றதில் வியப்பில்லை.

2019 ஆகஸ்டில் பரி என்னும் சிறுநகரின் கழகம், 1885இல் தோன்றி இருமுறை எஃப்.ஏ. கோப்பையை வென்ற பழங்கழகம், தன் நிதிநிலையை நிரூபிக்க இயலாமல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. சனிக்கிழமை மாலைகள் திடீரென்று வெறுமையாகிப்போன ஒரு ஊரைக் கற்பனை செய்துகொண்டால் இதன் பாரம் விளங்கும்.

*

ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபா, மிஷெல் பிளாட்டினி தலைமையில் இருந்தபோது ‘நிதி நேர்மை’ விதிகளை 2009இல் கொள்கையளவில் ஏற்று, 2010இல் வெளியிட்டது. ஐரோப்பாவின் முதல்நிலைக் கழகங்களின் மொத்த நட்டம் 2009இல் 120 கோடி யூரோ. 2011இல் ஏறத்தாழ 170 கோடி. விதியின் சாரம் எளியது: ஐரோப்பியப் போட்டிகளில் ஆட விரும்பும் கழகம் சில ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் வரவுக்குள் செலவு செய்திருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு நட்டத்தை உரிமையாளர் தம் சொந்தப் பணத்தால் ஈடுகட்டலாம். அதற்கு மேல் கூடாது. இதனுடன் மற்றொரு நிபந்தனையும் இருந்தது. வீரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் வரித்துறைக்கும் நாள் கடந்த பாக்கி இருக்கக் கூடாது. இது கிட்டத்தட்ட நம் ஊர்த் துணி வியாபாரியின் விதியேதான்.

இவ்விரண்டுள் எது உறுதியாகப் பலித்தது? நாள் கடந்த பாக்கிகளை முன்னிட்டு 2012இல் ஸ்பெயினின் மலகா கழகம் ஐரோப்பியப் போட்டியிலிருந்து தடைசெய்யப்பட்டது. மேல்முறையீட்டிலும் தண்டனை நிலைத்தது. பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது நேரான கேள்வி; அதற்கு விடையும் நேரானது. வரவுக்குள் செலவா என்ற கேள்வியோ வழுக்குவது. உரிமையாளரின் நண்பர் நிறுவனம் விளம்பரத்துக்கென்று பெருந்தொகை கொடுத்தால் அது வருவாயா, மாறுவேடமிட்ட நன்கொடையா? 2014இல் மான்செஸ்டர் சிட்டியும் பாரிஸ் சாங் ஜெர்மனும் தலா 6 கோடி யூரோ அபராதத்துக்கு உடன்பட்டன. அதிலும் 4 கோடி நிபந்தனையின்பேரில் நிறுத்திவைக்கப்பட்டது. எண்ணெய் வளமுள்ளோர் பின்னிற்கும் கழகங்களுக்கு அது பெருஞ்சுமையன்று.

2018இல் ஜெர்மனியின் ‘டெர் ஸ்பீகல்’ இதழ் கசிந்த ஆவணங்களை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 2020 பிப்ரவரியில் யூஃபாவின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பு மான்செஸ்டர் சிட்டிக்கு இரண்டாண்டுத் தடையும் 3 கோடி யூரோ அபராதமும் விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் தடையை நீக்கிற்று. சில குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை. வேறு சில காலவரம்பு கடந்துவிட்டன. விசாரணைக்கு ஒத்துழைக்காமைக்காக 1 கோடி யூரோ மட்டும் எஞ்சியது. 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் தானே அக்கழகத்தின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. கழகம் அவற்றை மறுத்தது. விசாரணை அமர்வு 2024 செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. குற்றச்சாட்டுகள் சுட்டும் முதற்பருவம் 2009-10. அப்போது பிறந்த குழந்தை, விசாரணை முடிந்தபோது உயர்நிலைப் பள்ளியில் இருந்தது.

சிறியவர் வழக்குகளில் நீதி இவ்வளவு மெதுவாக நடக்கவில்லை. மூன்றாண்டுகளில் 10.5 கோடி பவுனுக்கு மேல் நட்டம் கூடாது என்ற பிரீமியர் லீக் விதியை 1.95 கோடி பவுன் அளவுக்கு மீறியதற்காக எவர்ட்டன் கழகத்துக்கு 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகள் குறைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அது ஆறாயிற்று. ஏப்ரலில் அடுத்த கணக்குக்காக மேலும் இரண்டு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் நான்கு புள்ளிகளை இழந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு உடனடித் தண்டனை, மறுத்து வழக்காடும் வசதியுள்ளவனுக்கு நீண்ட அவகாசம் என்ற மனக்குறை இரசிகர்களிடையே எழுந்தது இயல்பே. வலைக்குள் சிறு மீன் சிக்குவதும் சுறா கிழித்துக்கொண்டு போவதும் நம் தூத்துக்குடிக் கரைக்குப் புதிய செய்தியன்று.

ஆனால் விதிகளால் பயனே இல்லை என்று முடித்துவிடவும் முடியாது. 2017இல் ஐரோப்பிய முதல்நிலைக் கழகங்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 60 கோடி யூரோ இலாபம் கண்டன. ஸ்பெயினின் லா லிகா 2013 முதல் வேறொரு வழியைக் கைக்கொண்டது. செலவு முடிந்தபின் தண்டிப்பதற்கு மாறாக, பருவம் தொடங்குமுன்பே ஒவ்வொரு கழகத்துக்கும் அதன் வருவாய்க்கேற்ப ஊதிய வரம்பைக் குறித்துக் கொடுத்து, அதற்கு மேல் வீரரைப் பதிவுசெய்ய மறுப்பது அம்முறை. 2021 ஆகஸ்டில் லயனல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டு நீங்கியது இதனால்தான். கழகமும் விரும்பியது, வீரரும் விரும்பினார், கணக்கு இடங்கொடுக்கவில்லை. 135 கோடி யூரோ கடன் என்று கழகத் தலைவரே அப்போது அறிவித்தார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்காகவும் பேல் இறங்கவில்லை.

2022இல் யூஃபா தன் விதிகளை மாற்றியமைத்தது. வீரர், பயிற்றுநர் ஊதியமும் ஒப்பந்த மாற்றச் செலவும் முகவர் தரகும் சேர்ந்து கழக வருவாயில் 70 விழுக்காட்டை மீறக் கூடாது என்ற வரையறை, 90, 80 எனப் படிப்படியாக இறங்கி 2025இல் முழு நடைமுறைக்கு வந்தது. ஏய்ப்புகளும் உடன் வளர்ந்தன. செல்சி, வீரர்களை எட்டரை ஆண்டு வரையிலான ஒப்பந்தங்களில் சேர்த்து விலையைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதியது. யூஃபா அதை ஐந்தாண்டுக்குள் அடக்கியது. பின்னர் தனக்குச் சொந்தமான விடுதிகளைத் தன் உறவு நிறுவனத்துக்கே விற்று வரவு காட்டியது. வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டு, ‘வருமானம்’ என்று எழுதும் இக்கலை நம் நாட்டுக் கணக்கர்களுக்கும் தெரியாததன்று.

*

இலக்கிய ஆசிரியர் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. திருக்குறளில் வரவறிந்து செலவிடுதல் பற்றிய கருத்துகள் எங்கே வருகின்றன? சிக்கனம் என்றொரு தனி அதிகாரத்தில் அன்று. பொருட்பாலில், அரசன் பகைமேற் செல்லுமுன் எண்ண வேண்டியவற்றைச் சொல்லும் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வருகின்றன. மயிலிறகு ஏற்றிய வண்டியும் மரத்தின் நுனிக்கொம்பும் இடம்பெறும் அதே அதிகாரத்தின் கடைசி நான்கு குறள்கள் கொடை, வருவாய், செலவு, இருப்பு ஆகியன பற்றிப் பேசுகின்றன. களத்து வலிமையையும் கருவூல வலிமையையும் வள்ளுவர் தனித்தனியே வைக்கவில்லை. வருவாய் வழி சிறிதாயிருப்பது குற்றமில்லை, செலவு வழி அகலாதிருந்தால் போதும் என்பது அங்கு வரும் கருத்துகளுள் ஒன்று. யூஃபாவின் எத்தனையோ பக்க விதிநூலின் சாரமும் இதுவே. ஆனால் வள்ளுவர் அரசனுக்குச் சொன்னார். அவன் தவறினால் யார் தண்டிப்பது என்று சொல்லவில்லை. விதியை வகுப்பதும் விதியை நடத்துவதும் வேறு வேறு.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் நெடுங்காலம் கால்பந்து அலுவலக அணிகளின் கையில் இருந்தது. வங்கி, இரயில்வே, சுங்கத்துறை, ஆலைகள். சென்னையில் இந்தியன் வங்கியும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையும் அணிகள் வைத்திருந்தன. ஆட்டக்காரர் அலுவலகச் சம்பளம் பெற்றார். கால் ஓய்ந்தபின் மேசைக்குத் திரும்பினார். பெரும்பணம் இல்லை, ஆனால் முதல் தேதியில் சம்பளம் வந்தது. கடற்கரைக் கிராமங்களிலிருந்தும் ஆலைக் குடியிருப்புகளிலிருந்தும் பலர் அவ்வழியில் கரையேறினர்.

1996-97இல் தேசிய லீக் தொடங்கியது. அதன் முதல் பட்டத்தை வென்றது பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி. 2011இல் அந்த அணியே கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மும்பையின் மஹிந்திரா யுனைடெட் மூடப்பட்டது. இவை அளவுக்கு மீறிச் செலவழித்துத் திவாலானவை அல்ல. அணியை நடத்திய நிறுவனங்களுக்கு அதில் நாட்டம் போயிற்று, அவ்வளவுதான். இங்கேதான் ஐரோப்பியச் சிக்கலும் இந்தியச் சிக்கலும் வேறுபடுகின்றன. அங்கே நோய் பேராசை. இங்கே நோய், வருவாயே இல்லாத தொழிலில் புரவலரின் மனம் மாறுதல்.

2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பதினைந்தாண்டுக் காலத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு வணிக உரிமைகளை ஒரு கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன்வழியே 2014இல் ஐ.எஸ்.எல். பிறந்தது. அதில் ஊதிய உச்சவரம்பு உண்டு. பல பருவங்களில் ஒரு கழகத்துக்கு 16.5 கோடி ரூபாய் என்று அது இருந்தது. ஆசியக் கூட்டமைப்பின் வழிகாட்டலில் கழக உரிமத் தேர்வும் நடைமுறைக்கு வந்தது. திடல், இளையோர் அணி, நிர்வாகம், சட்டம், நிதி எனப் பல தலைப்புகளில் ஆண்டுதோறும் கழகங்கள் சோதிக்கப்படுகின்றன. காகிதத்தில் பார்த்தால் ஐரோப்பாவுக்கு இணையான ஏற்பாடு.

நடைமுறையில் நிகழ்ந்தவை வேறு. நமக்கு நெருக்கமானது சென்னை சிட்டி அணியின் கதை. 2016-17இல் ஐ-லீக்கில் நுழைந்து, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டு ஆடிய அணி அது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் போன்றோர் அங்கிருந்தே தேசிய அளவில் அறியப்பட்டனர். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி அவ்வணி பட்டம் வென்றது. பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். அவ்வாண்டே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு விடிந்துவிட்டது என்று நாமும் நம்பினோம். 2021-22 பருவத்தின் அணிப் பட்டியலில் அப்பெயர் இல்லை. உரிம நிபந்தனைகளை நிறைவேற்றாமையால் அவ்வணி சேர்க்கப்படவில்லை. கோப்பைக்கும் மறைவுக்கும் இடையே இரண்டே பருவங்கள்.

ஐ.எஸ்.எல்.லில் இதே கதையின் இன்னொரு வடிவம் ஹைதராபாத். 2022 மார்ச்சில் கோப்பையை வென்றது. 2023-24 பருவத்தில் ஊதியப் பாக்கி, வெளிநாட்டு வீரர்களின் வெளியேற்றம், புதிய வீரரைப் பதிவுசெய்ய பிஃபாவின் தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இளைஞர்களைக் கொண்டே களமிறங்கி, 22 ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் கடைசி இடத்தில் முடிந்தது. உச்சவரம்பு அங்கேயும் இருந்தது. ‘இதற்கு மேல் கொடுக்காதே’ என்று சொன்ன விதிக்கு, ‘ஒப்புக்கொண்டதையாவது கொடு’ என்று முன்கூட்டியே உறுதிசெய்யும் வலிமை இல்லை. பிஃபாவின் தடை புண்ணுக்கு மருந்திடுவதாயிருந்தது. அதற்குள் ஒரு பருவம் முழுவதும் போயிருந்தது.

2025 ஜூலையில், அந்தப் பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடியவிருந்த நிலையில், அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக லீக்கை நடத்திய நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில், இருமுறை பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. தன் செயற்பாடுகளை நிறுத்திவைத்தது. பருவம் உரிய காலத்தில் தொடங்கவில்லை. வரம்பை மீறிச் செலவழித்தவர் யாருமில்லை. இருந்தும் வீரர்கள் வேலையின்றி நின்றனர்.

*

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. செலவு விதி எதைப் பார்த்தாலும், அது யாரைக் காக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். 1901இன் விதி சமநிலையைப் பேசிக்கொண்டே தொழிலாளியின் கூலியைக் கட்டியது. 2010இன் விதி நேர்மையைப் பேசிற்று. மேலே இருந்தவர்களின் இடத்தை உறுதிப்படுத்தியது என்ற குறைபாட்டிலிருந்து அது தப்பவில்லை. இந்திய உச்சவரம்பு புரவலரின் சுமையைக் குறைத்தது. வீரரின் அச்சத்தைக் குறைக்கவில்லை. நிலைத்துப் பயன் தந்தவை இரண்டு. நாள் கடந்த பாக்கியைக் கண்டவுடன் கதவை மூடும் விதி. செலவு நடக்குமுன்பே கணக்கைக் கேட்கும் விதி. பருவம் தொடங்குமுன் ஒரு பருவத்து ஊதியத்துக்கான தொகையைப் பொதுவான ஓர் இடத்தில் வைப்பாகக் கட்டினாலன்றி எந்தக் கழகத்தின் பெயரும் அட்டவணையில் ஏறாது என்று நம் நாட்டில் விதித்தால், ஆடம்பரமான ஒப்பந்தங்கள் குறையும்; அணிகளின் எண்ணிக்கைகூடக் குறையலாம். குறைந்தது ஆடிய கால்களுக்குக் கூலி மிஞ்சும்.

இது பெரிய நகரங்களின் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் கொடை முடிந்தபின் ஒருநாள் ஊர் கூடிக் கணக்கு வாசிப்பதுண்டு. தலைக்கட்டு வரி எவ்வளவு, வெளியூர்க்காரர் தந்த நன்கொடை எவ்வளவு, பந்தலுக்கு, விளக்குக்கு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார்கள். வரி கொடுத்த எவரும் எழுந்து கேட்கலாம். சென்ற முறை நாம் போய் அமர்ந்திருந்த கூட்டத்துக்கு அந்த மாணவரும் வந்திருந்தார். இப்போது அவர் பகலில் தையல் கம்பெனியில் கட்டிங் வேலை; மாலையில் கரிசல் திடலில் பையன்களுக்குப் பயிற்சி. நோட்டைப் பிரித்தவர் வரவுப் பக்கத்தைத் தொடங்குமுன்பே பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: “அதெல்லாம் இருக்கட்டும்யா. மேளக்காரருக்கும் வில்லுக்காரருக்கும் கொடுத்தாச்சா, அதை மொதல்ல சொல்லு.”

“கொடுத்தாச்சு தாத்தா, அன்னைக்கு ராத்திரியே கொடுத்தாச்சு” என்றார் நோட்டுக்காரர். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பின்தான் வாசிப்பு தொடங்கியது. நம் மாணவர் நம்மைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.